கடல் தீட்டிய கண்ணாடி

பள்ளி விடுமுறைக்குப் பங்கோர் தீவுக்குப் போகும் மாணவர்கள் கரையில் சிப்பியும் சங்கும் பொறுக்குவார்கள். சில சமயம் அவற்றோடு மங்கலான ஒரு பச்சைத் துண்டும் கையில் சிக்கும். விளிம்பு கூர்மையாக இருக்காது. கல் என்று நினைத்துச் சிலர் வீசிவிடுவார்கள். உண்மையில் அது உடைந்த போத்தலின் துண்டு. இதைத்தான் கடல் கண்ணாடி என்கிறோம்.

கையைக் கிழிக்கும் போத்தல் துண்டு எப்படி இப்படி வழுவழுப்பானது? வகுப்பில் கேட்டால், "மணல் தேய்த்தது டீச்சர்" என்று உடனே பதில் வரும். அது பாதிப் பதில்தான். எந்த மணல் தேய்த்தது?

ஒரு பொருளைக் கீற வேண்டுமானால், கீறும் பொருள் அதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். மோஸ் அளவுகோலில் கண்ணாடியின் கடினத்தன்மை ஏறக்குறைய 5.5. குவார்ட்ஸ் கனிமத்துக்கு 7. பங்கோர் ஒரு கருங்கல் தீவு. கருங்கல் சிதைந்தால் குவார்ட்ஸ் மணிகள் மணலாக மிஞ்சும். அவை கண்ணாடியைக் கீறும். ஆனால் பவளமும் சிப்பியும் நொறுங்கி உண்டான வெள்ளை மணல் கால்சியம் கார்பனேட். அதன் கடினத்தன்மை 3 முதல் 4 வரைதான். ஆண்டுக்கணக்கில் உரசினாலும் அது கண்ணாடியைக் கீறாது. அங்கே கல்லும் மற்றக் கண்ணாடித் துண்டுகளும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

உங்கள் கடற்கரை மணல் எந்த வகை? ஒரு சிட்டிகை மணலில் சில துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் கால்சியம் கார்பனேட் உண்டு. நுரையில் வருவது கரியமில வாயு.

மீதிப் பாதி தண்ணீரின் வேலை. போத்தல் கண்ணாடியில் ஏறக்குறைய 70 விழுக்காடு சிலிக்கா. அதை எளிதாக உருக்குவதற்காகச் சோடாவையும், உறுதிக்காகச் சுண்ணாம்பையும் சேர்க்கிறார்கள். நீரில் கிடக்கும் கண்ணாடியிலிருந்து சோடியம் அயனிகள் மெல்ல வெளியேறும். நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்த இடத்தைப் பிடிக்கும். இப்படி மேற்பரப்பு பலவீனமாகி, நுண்ணிய குழிகள் விழும். அலை அந்தப் பலவீனமான படலத்தை உரசி எடுத்தால், அடியிலுள்ள புதிய பரப்பில் அதே வேலை மறுபடி தொடங்கும். ஒரு துண்டு முழுதாகத் தேறப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

கரையில் பளிச்சென்று இருந்த துண்டு வீட்டுக்கு வந்ததும் வெளுத்துத் தெரிகிறதே, ஏன்? குழிகளில் காற்று இருந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறும். நனைத்தால் நீர் குழிகளை நிரப்பும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.5. இரண்டும் நெருக்கமானவை என்பதால் சிதறல் குறைந்து நிறம் தெளிவாகத் தெரிகிறது. படிவம் 4 மாணவர்களுக்கு இதைவிட மலிவான ஒளியியல் சோதனை கிடைக்காது!

கடைகளில் விற்கும் 'கடல் கண்ணாடி' பெரும்பாலும் இயந்திரத்தில் உருட்டியோ அமிலத்தில் ஊறவைத்தோ செய்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கடலில் கிடந்த துண்டில் பிறை வடிவச் சிறு தழும்புகள் தெரியும். போலியின் மேற்பரப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும்.

நல்ல துண்டுகள் அரிதாகி வருகின்றன. போத்தல்களின் இடத்தை நெகிழி பிடித்துவிட்டது. நெகிழியும் கடலில் நொறுங்கும். ஆனால் நுண்துகளாகி மீன் வயிற்றுக்குள் போகும். அமெரிக்காவில் ஃபோர்ட் பிராக் நகரத்தார் 1967 வரை கடலோரத்தில் குப்பை கொட்டினார்கள். அந்தக் குப்பைதான் பின்னாளில் புகழ்பெற்ற கண்ணாடிக் கடற்கரையானது. வந்தவர்கள் எல்லாம் பையில் அள்ளிப் போனதால் இப்போது அங்கேயும் கண்ணாடி குறைந்துவிட்டது.

தியோமான், ரெடாங் போன்ற கடல் பூங்காத் தீவுகளில் பவளமும் சிப்பியும் எடுக்கத் தடை உண்டு. அங்கே எதை எடுப்பதானாலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் கிடைத்த துண்டின் விளிம்பு இன்னும் பளபளப்பாக இருந்தால் அது புதிதாக உடைந்தது. "இன்னும் தேயட்டும்" என்று கடலில் போடாமல், நாளிதழில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். அடுத்து அந்தக் கரையில் ஒரு குழந்தை வெறுங்காலோடு ஓடிவரும்.