மாதவிலக்கு நிற்கும் வயதில் மறதி ஏன்?



"உளியை எங்கே வைத்தேன்? எந்த நிரை வரைக்கும் உரம் போட்டேன்?" ஐம்பதை நெருங்கும் பெண்கள் பலர் இப்படித் தடுமாறுவதுண்டு. "ஒனக்குப் புத்தி மழுங்கிப்போச்சு" என்று வீட்டில் ஏச்சு வேறு! இது உங்கள் குற்றமல்ல.

சினைப்பையில் ஊறும் எஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர் கருப்பைக்கு மட்டும் உரியதல்ல. இரத்தத்தோடு மூளைக்கும் போகிறது. அங்கே கடல்குதிரைபோல் வளைந்த ஒரு பகுதிதான் புதிதாகக் கற்றதைப் பதிய வைக்கிறது. கேத்தரின் வூலி, புரூஸ் மெக்கீவன் முதலிய ஆய்வாளர்கள் நியூயார்க்கில் பெண் எலிகளைச் சோதித்து 1990இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். எஸ்ட்ரோஜன் கூடினால் அப்பகுதி நரம்பணுக்களில் முள் போன்ற முளைகள் பெருகின. குறைந்தால் அவையும் குறைந்தன. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவது அந்த முளைகள் வழியாகத்தான்.

மாதவிலக்கு தப்பித் தப்பி வரும் காலத்தில் இச்சுரப்பு ஏறி இறங்குகிறது. பலருக்கு மறதி தட்டுகிறது. உடம்புச் சூடு, வேர்வை, தூக்கக் கேடு சேர்ந்தால் இன்னும் மோசம். பெரும்பாலோருக்கு நாளடைவில் சரியாகிவிடும்.

அப்படியானால் எஸ்ட்ரோஜன் மாத்திரை வாங்கித் தின்னலாமா? கூடாது. 65 வயது தாண்டிய பெண்களுக்கு எஸ்ட்ரோஜனோடு இன்னொரு சுரப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது ஓர் அமெரிக்க ஆய்வு. மூளைத் தேய்வு நோய் ஏறத்தாழ இரட்டிப்பானது என்று 2003இல் தெரியவந்தது. டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

இரத்தச் சோகை, இனிப்புநீர், தைராய்டு கோளாறாலும் மறதி வரும். குளுவாங்கோ சிகாமட்டோ, பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். பழகிய வழியே மறந்துபோனால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். 45 வயதுக்கு முன்பே சினைப்பையை எடுத்தவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கணவன்மார்களே, ஏச்சை விடுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு எழும் அந்த அம்மா இரவில் நேரத்தோடு படுக்க, பாத்திரத்தையாவது நீங்கள் கழுவுங்கள்!