கோதுமை ஒவ்வாத குடல்

உண்பது உடலில் ஒட்டாமல் குழந்தை மெலிகிறதா? வயிறு உப்பி, சோகை நீங்காதிருக்கிறதா? பூச்சி மருந்தும் பயன் தரவில்லையெனில், சீலியாக் நோயும் காரணமாயிருக்கலாம். கோதுமை, பார்லி முதலியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைச் சிதைப்பது இந்நோய்.

2016இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், இதற்குரிய எதிர்ப்பொருள் வடபுலத்தில் 1.23 விழுக்காட்டினரிடமும், தென்புலத்தில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அரிசியுண்ணும் நமக்கு இது அரிது, ஆயினும் இல்லாததன்று. பின்னலாடைத் தொழிலை நாடித் திருப்பூர், தாராபுரம் வட்டாரத்தில் குடியேறிய வடமாநிலக் குடும்பங்களும் இதனை அறிதல் நலம்.

ஐயம் எழுந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள்! முதலில் டி.டி.ஜி. என்னும் இரத்தப் பரிசோதனை; தேவையெனில் எண்டாஸ்கோப்பி மூலம் சிறுகுடலின் துணுக்கெடுத்து ஆய்வு. கோதுமையை விட்டபின் சோதித்தால், நோயிருந்தும் இல்லையென முடிவு வரக்கூடும்.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுதும் பத்தியமே மருந்து. மைதா, ரவை, கோதுமைச் சேமியா, பரோட்டா, சமோசா ஆகா. இட்லி, இடியாப்பம், ஆப்பம், அரிசிப் பத்திரி, கேழ்வரகு, கம்பு ஆகும். அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த நோன்புக் கஞ்சியும் ஆகும். ஆனால், சாம்பாருக்கிடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. பரோட்டாக் கல்லில் வார்த்த தோசையும் தீங்கே.

ஹலாலானதா எனப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் நமக்குண்டு. அதே கண்ணால் கோதுமையையும் தேடுங்கள். விருந்துக்கு அழைப்போரே! “ஒரு வாய்தானே” என வற்புறுத்தாதீர்கள். அந்த ஒரு வாயும் குடலைப் புண்படுத்தும்.