பாக்கெட் மாவா, பக்கத்து வீட்டு மாவா?

திருத்தணியில் பழைய கார் தேடுகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. சென்னைப் பக்கம் போய் மாருதியின் ட்ரூ வேல்யூ, ஹூண்டாயின் எச் ப்ராமிஸ் போன்ற கடைகளில், சோதித்துச் சான்று கொடுத்த காரை வாங்கலாம். இல்லையென்றால் தெரிந்தவர் மூலம் உள்ளூரிலோ, நகரி, புத்தூர் பக்கமோ ஓனரிடமே நேராகப் பேசி முடிக்கலாம். இரண்டாவதில் பெரும்பாலும் விலை குறைவு. அந்த வித்தியாசம் எதற்காக என்று புரிந்துவிட்டால் முடிவெடுப்பது எளிது. இட்லி மாவை வைத்து அதைப் பார்த்துவிடுவோம்.

பாக்கெட் மாவு: சான்று பெற்ற கார்

அரிசியும் உளுந்தும் எல்லா மாவிலும் ஒன்றுதான். பாக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது அரைத்த கூலிக்கும், மேலே அச்சிட்ட தேதிக்கும், கெட்டுப்போனால் கடைக்காரரிடம் போய்க் கேட்கும் உரிமைக்கும். சான்று காரும் அப்படித்தான். கம்பெனி ஆட்கள் சோதிக்கிறார்கள், தேய்ந்த பாகங்களை மாற்றுகிறார்கள், பேப்பர்களைச் சரிசெய்கிறார்கள், குறிப்பிட்ட காலத்துக்கு வாரன்டி தருகிறார்கள். இந்த வேலைக்கு டீலர் வைக்கும் லாபத்தின் மீது 2025 ஜனவரி முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. தனிநபர் தனிநபருக்கு விற்றால் அந்த வரி இல்லை.

சட்டமும் டீலரைப் பொறுப்பாக்குகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். படிவம் 29சி மூலம் வண்டி கைமாறியதைத் தெரிவித்த பிறகு, அதை விற்கும்வரை டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆகவே அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். வாரன்டியையும் வரி விடாமல் படியுங்கள். பெரும்பாலும் இன்ஜினும் கியர்பாக்ஸும்தான் அதில் அடங்கும். டயர், பிரேக் பேட், கிளட்ச் அடங்காது.

பக்கத்து வீட்டு மாவு: நேரடி விற்பனை

இங்கே யார் அரைத்தார், எப்போது அரைத்தார் என்பது நமக்குத் தெரியும். வண்டி எங்கே ஓடியது, எங்கே சர்வீஸ் ஆனது என்று ஓனரே சொல்வார். அது பெரிய பலம். ஆனால் வீட்டுக்கு வந்தபின் புளித்துப்போனால் திருப்பிக் கொடுக்க இடமில்லை. நுகர்வோர் நீதிமன்றம் வியாபாரிகளைத்தான் விசாரிக்கும். தன் சொந்தக் காரை ஒருமுறை விற்றவர் வியாபாரி ஆகமாட்டார்.

சரியாகப் புளிக்காத மாவும் சோடா உப்பு போட்டால் பொங்கும். பழைய காரில் பாலிஷ் செய்வது அதே வேலை. அதனால் இன்ஜின் ஆறிக் கிடக்கும் காலை வேளையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சேற்றுக் கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. நம்பிக்கையான மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு கோயில் மலைச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஏறும்போது இழுவையும் கிளட்ச்சும், இறங்கும்போது பிரேக்கும் தம் நிலையைச் சொல்லிவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கத்து மாவு

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிலிருந்து பிரிந்து இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நகரி நமக்குப் பக்கத்து ஊர்தான், ஆனால் அது ஆந்திராவிலேயே இருப்பதால் வண்டிப் பேப்பருக்கு வேறு மாநிலம். டி.என். 20 வண்டி என்றால் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றினால் போதும். விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். ஏ.பி. எண் என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டுச் சாலை வரியைக் கட்ட வேண்டும். மலிவாகக் கிடைத்த லாபம் இதிலேயே கரைந்துவிடலாம். பேரம் பேசும் முன்பே இந்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள்.

கடன் பாக்கி இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் பாருங்கள். இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, விற்றவரிடமே தங்கிவிடும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே விற்பவருக்கும் இதில் அவசரம் உண்டு.

எதை எடுப்பது?

நல்ல மெக்கானிக், முழு சர்வீஸ் ரெக்கார்டு, சிக்கலில்லாத தமிழ்நாட்டுப் பேப்பர், இந்த மூன்றும் கையில் இருந்தால் நேரடியாக வாங்குங்கள். சோதிக்கும் வேலையை நீங்களே செய்வதால் மிச்சமாகும் பணமும் உங்களுக்கே. மூன்றில் ஒன்று குறைந்தாலும், அல்லது வாழ்க்கையின் முதல் கார் இதுதான் என்றாலும், சான்று பெற்ற காருக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீணல்ல. எந்த வழியில் போனாலும், ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிய பிறகே விலையில் ஒரு பகுதியைக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.