அம்பின் எடை: வேகமா, கனமா?

அம்பின் எடையை வில்லாளர்கள் கிரெயின் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு கிராம் என்பது ஏறத்தாழ 15.4 கிரெயின். தண்டு, முனை, இறகு, நாணில் பொருந்தும் நாக் எல்லாம் சேர்ந்ததுதான் அம்பின் எடை.

முதலில் வில்லின் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லின் இழுவிசையில் பவுண்டுக்கு 5 கிரெயின் என்பது பொதுவான கீழெல்லை. 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெயின். அதைவிட இலேசான அம்பைத் தொடுத்தால், அம்பு ஏற்க முடியாத ஆற்றல் வில்லுக்கே திரும்பும். நாண் அறுந்துபோகலாம், வில்லின் தகடு பிளக்கலாம்.

அமெரிக்காவில் வில்லால் மான் வேட்டையாடுவோர் பெரும்பாலும் 400 முதல் 500 கிரெயின் வரை எடுக்கிறார்கள். காரணம் ஊடுருவல். ஒரே வில்லிலிருந்து 350 கிரெயின் அம்பு நொடிக்கு 300 அடி வேகத்திலும், 500 கிரெயின் அம்பு சுமார் 255 அடி வேகத்திலும் பாய்வதாகக் கொள்வோம். இரண்டின் இயக்க ஆற்றலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கனமான அம்பின் உந்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். எலும்பில் பட்டாலும் எளிதில் நிற்காது. வில்லின் ஓசையும் குறையும். வெள்ளைவால் மான் நாணொலி கேட்டு சட்டெனப் பதுங்கும் என்பதால் இது சிறிய விஷயமல்ல. விலையாகக் கொடுக்க வேண்டியது வேகத்தை. கனமான அம்பு விரைவில் தாழ்வதால், தூரத்தைக் குறைவாகக் கணித்தால் குறி கீழே போகும். விலங்கு வீணாக வதைபடக் கூடாது என்று நினைப்பவர் கனத்தின் பக்கமே சாய்வது சரி.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு இடம் தருவதில்லை. இங்கே வில்லாளரின் களம் போட்டிதான். நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லுக்கான ஒலிம்பிக் போட்டியில் இலக்கு 70 மீட்டர் தள்ளி இருக்கும். அங்கே அம்பை நகர்த்தும் எதிரி காற்று. அதனால் மெல்லிய தண்டும் கனமான முனையும் கொண்ட அம்பு விரும்பப்படுகிறது. 18 மீட்டர் உள்ளரங்கில் காற்றில்லை. வளையக் கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி என்பதால் பருத்த தண்டு உதவும். விதி அனுமதிக்கும் தண்டின் விட்டம் 9.3 மில்லிமீட்டர் வரை.

முனையின் எடையைக் கூட்டினால் புறப்படும்போது தண்டு கூடுதலாக வளையும். அதற்கேற்ற விறைப்புள்ள தண்டு வேண்டும். எந்த எடையைத் தேர்ந்தாலும் தூணியிலுள்ள அம்புகள் அனைத்தையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். எடை மாறுபடும் அம்பை ஒதுக்கிவிடுங்கள்.