கியர் டைட்டா? அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

போலகத்துல பி.ஒய். 02 நம்பர் பழைய கார் விலைக்கு வருது, "கியர் மட்டும் கொஞ்சம் டைட்டு"ன்னு சொல்றாங்களா? அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணி, கிளட்சை முழுசா மிதிச்சு எல்லா கியரையும் போட்டுப் பாருங்க. ஆஃப்ல சுலபமா விழுந்து, ஸ்டார்ட் பண்ணதும் முரண்டு பிடிச்சா சந்தேகம் கிளட்ச் மேல. நல்ல காலம் இருந்தா கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்லயே தீரும். ஆஃப்லயும் இறுக்கம்னா முதல்ல லீவர் கேபிளையும் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்க. கடலோர உப்புக்காத்துல துரு ஏறுறது சகஜம். இதுக்கெல்லாம் எடுத்த எடுப்புல கியர்பாக்ஸை இறக்க வேண்டாம்.

ஓட்டும்போது ஒரே கியர் மட்டும் கரகரன்னு விழுதா? பெரும்பாலும் சிங்க்ரோனைசர் தேய்மானம். பெட்டியைப் பிரிக்கணும், லேபரே பெருசா வரும். எஸ்டிமேட்டை எழுதி வாங்கி, விலையில கழிச்சுப் பேசுங்க. லோன் வண்டிக்குத்தான், ரிப்பேர் செலவு உங்க சம்பளத்துலதான் விழும்.