பெயரிடுபவன் நிற்கும் இடம்

வரைபடத்தை விரித்ததும் நம் ஊர் எங்கே என்று தேடுகிறோம். அதை வரைந்தவன் எங்கே நின்றான் என்று கேட்பதில்லை. குமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்களை இந்தக் கேள்வியோடு படித்தால், அவை நிலத்தைச் சொல்லும்போதே அதைப் பார்த்த கண்களையும் காட்டிக்கொடுப்பது புலப்படும்.

கடலில் வந்தவனுக்கு இது ஒரு முனை. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கப் பயணநூலான 'பெரிப்ளூஸ்' குமரியில் துறைமுகத்தையும், விரதமிருந்து நீராடுகிறவர்களையும் பார்க்கிறது. உள்நாட்டு வயலும் குளமும் அந்தப் பார்வைக்குள் வரவில்லை. பின்வந்த ஐரோப்பியரின் 'கேப் கொமரின்' இதே கப்பல்காரனின் பார்வைதான்.

வென்றவனின் பார்வை வேறு. சோழர் பிடித்ததும் கோட்டாறு மும்முடிச்சோழநல்லூர் ஆயிற்று. சுசீந்திரம் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மா கல்குளத்தைப் பத்மநாபபுரமாக்கினார். சோழர் இட்ட பெயர்கள் கல்லில் தங்கிவிட, கோட்டாறும் சுசீந்திரமும் சனங்களின் வாயில் நிலைத்தன. பத்மநாபபுரம் நிலைத்தது, ஆனால் தாலுகா இன்றும் கல்குளம்தான். தொடுவெட்டி மார்த்தாண்டமாகியும் பழைய பெயர் முற்றாக அழியவில்லை. ஆக, அதிகாரம் பெயர் வைக்கலாம். கூப்பிட வேண்டியது சனங்கள்தானே?

உழைப்பவனின் பார்வையில் பிறந்தவை களியக்காவிளை, திட்டுவிளை போன்ற பெயர்கள். 'விளை' என்றால் மேட்டுத் தோட்ட நிலம். தாழ்வான வயல்வெளி 'ஏலா'. இங்கே பெயரே மண்ணைப் பற்றிய அறிவு: எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே தென்னை வைக்கலாம் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

இனி நம் காலத்துச் சிக்கலுக்கு வருவோம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அதுவரை இப்பகுதி 'தென்திருவிதாங்கூர்'. திருவனந்தபுரத்தில் நின்று பார்த்தால்தான் இது தெற்கு. 1952இல் தொடங்கிய நாகர்கோவில் இந்துக் கல்லூரி இன்றும் அந்தத் திசையைத் தன் பெயரில் சுமக்கிறது.

இப்போது மாவட்டம் முழுவதையும் 'நாஞ்சில் நாடு' என்று சொல்லிவிடுகிறோம். கறாராகப் பார்த்தால் அது கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் நெல்வயல் நாடு. நாஞ்சில் என்றாலே கலப்பைதான். ரப்பரும் மரச்சீனியும் விளையும் விளவங்கோட்டு மேடுகளை, பனையேறிகளின் விளைகளை, மீனவர் கரையை இந்தக் கலப்பை தன் நிழலில் மறைத்துவிடுகிறது. ஒரு பகுதியின் பெருமிதம் எல்லோருக்குமான அடையாளமாக விரியும்போது, மற்றவர்களின் சரித்திரம் அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போகிறது.

இம்மாவட்ட மீனவரின் 'கணியம்' இதற்கொரு பதில். மலையுச்சி, கோயில் கோபுரம், தேவாலயக் கூம்பு என இரண்டிரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, கடலுக்கடியில் உள்ள பாரின் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கப்பல்காரனைப் போலவே இவர்களும் கடலில் நின்றுதான் கரையைப் பார்க்கிறார்கள். ஆனால் இவர்களுக்குக் குமரி ஒரு திருப்புமுனை அல்ல, வீடு. காகிதத்தில் ஏறாத இந்த வரைபடத்தையும் சேர்த்து வாசிக்காதவரை, மாவட்டத்தின் பாதியைத்தான் நாம் வாசித்திருக்கிறோம்.