முள் நகரவே மாட்டேங்குதா? பழைய காரின் ஸ்பீடோமீட்டர் கேபிளை வீட்டிலேயே மாற்றலாம்!

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடக்கிறது. 'இன்ஜின் சத்தத்தை வெச்சே வேகம் தெரியும், இதுக்கு எதுக்கு மெக்கானிக்?' என்று பல வீடுகளில் மாதக்கணக்கில் அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இதைச் சரிசெய்ய வேண்டிய பொருளின் விலையோ பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். பொறுமையும் துணைக்கு ஓர் ஆளும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலையை முடித்துவிடலாம்.

1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரி வரை தயாரான மாருதி 800, அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு... இப்படி நம் ஊர் வீடுகளில் இன்னும் நிற்கும் பழைய கார்கள் பலவற்றிலும் ஸ்பீடோமீட்டரை இயக்குவது ஒரு கேபிள்தான். இப்போது வரும் கார்களில் அந்த வேலையை சென்சார் செய்கிறது. அதனால் உங்கள் காரில் இருப்பது கேபிளா, வெறும் ஒயரா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

'முள் ஓடலைன்னா என்ன ஆயிடும்?'

முதல் பிரச்னை, வேகம். நான்குவழிச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஊருக்குள் நுழையும்போது, 60 கிலோமீட்டர் வேகம்கூட ஊர்ந்து போவதுபோலத்தான் தோன்றும். அந்த நேரத்தில் கண்ணையும் காதையும் நம்ப முடியாது. பள்ளிக்கூட வாசலில் இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வேக வரம்பைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவின்படி, காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 'மீட்டர் வேலை செய்யலை சார்' என்ற பதில் அங்கே எடுபடாது.

இரண்டாவது, பலரும் யோசிக்காத ஒன்று. கேபிள் அறுந்தால், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரும் சேர்ந்தே நின்றுவிடும். ஆயில் மாற்றுவது, கூலன்ட் மாற்றுவது என எல்லாமே கிலோமீட்டர் கணக்கில்தான் நடக்கிறது. மாருதி 800 இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அதையும் குறிப்பிட்ட தூரம் ஓடியதும் மாற்ற வேண்டும். மீட்டர் நின்று ஒரு வருடம் ஆன வண்டியில் அந்தத் தூரம் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. பெல்ட் அறுந்தால் நடுவழியில் இன்ஜின் நின்றுவிடும்.

மூன்றாவது, ஆர்.சி. புதுப்பிப்பு. 15 வருடம் முடிந்த சொந்தக் காரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, தகுதி பார்த்துத்தான் புதுப்பிக்க முடியும். செத்துப்போன மீட்டரோடு அங்கே போய் நிற்பது வீண் அலைச்சல்.

உள்ளே என்ன நடக்கிறது?

கேபிள் என்றால் பிரேக் கேபிள்போல இழுபடுவது இல்லை; இது சுழல்வது. மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்த ஓர் உள்கேபிள், வெளியே அதைக் காக்கும் ஓர் உறை. உள்கேபிளின் முனைகள் பெரும்பாலும் சதுரமாக இருக்கும். ஒரு முனை கியர்பாக்ஸில் உள்ள சிறிய பல்சக்கரத்தில் பொருந்தும், மறு முனை மீட்டரின் பின்பக்கம் பொருந்தும். பைக்கின் முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

சக்கரம் சுற்றினால் கேபிள் சுற்றும். மீட்டருக்குள் ஒரு காந்தம் சுற்றும். காந்தத்தைத் தொடாமல் ஒட்டினாற்போல ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். சுற்றும் காந்தம் அந்தக் கிண்ணத்தில் மின்சுழல்களை உண்டாக்கி, அதையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும். கைக்கடிகாரத்தில் இருப்பதுபோன்ற மெல்லிய ஸ்பிரிங் ஒன்று கிண்ணத்தைப் பிடித்து நிறுத்தும். இந்த இழுபறியில் கிண்ணம் எவ்வளவு திரும்புகிறதோ, அவ்வளவு முள் நகரும். ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்சே 1902-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. நூறு வருடங்களுக்கு மேல் அதே யோசனைதான் முள்ளை நகர்த்தியிருக்கிறது.

கேபிள்தான் போச்சா? முதலில் உறுதிசெய்யுங்கள்

கடைக்கு ஓடுவதற்கு முன் அறிகுறியைக் கவனியுங்கள்.

* முள்ளும் ஓடோமீட்டரும் சேர்ந்து நின்றுவிட்டால்: கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது கியர்பாக்ஸ் பக்கப் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம்.
* முள் நடுங்கினாலோ துள்ளினாலோ: கேபிள் காய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது.
* டேஷ்போர்டுக்குள் 'கீச்... கீச்' சத்தம்: கேபிளோ மீட்டரோ காய்ந்திருக்கிறது. விட்டால் அடுத்தது அறுந்துபோவதுதான்.
* ஓடோமீட்டர் ஓடுகிறது, முள் மட்டும் ஓடவில்லை. அல்லது முள் ஓடுகிறது, ஓடோமீட்டர் மட்டும் நின்றுவிட்டது: கேபிள் நன்றாகவே இருக்கிறது. கோளாறு மீட்டருக்குள்.

முதல் வகை என்றால் ஓர் எளிய சோதனை இருக்கிறது. மீட்டரின் பின்பக்கத்திலிருந்து கேபிளைக் கழற்றி, முனை தெரியும்படி வையுங்கள். சமதளத்தில் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஒருவர் சில அடி தூரம் தள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி முனையைப் பார்க்க வேண்டும். முனை சுற்றினால் கேபிள் நல்லது, மீட்டர்தான் கெட்டது. சுற்றவில்லை என்றால் உள்கேபிளை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பாதியில் அறுந்து கையோடு வந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது. கேபிள் முழுதாக இருந்தும் சுற்றவில்லை என்றால், முனை தேய்ந்து வட்டமாகிவிட்டதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் கியர்பாக்ஸ் பல்சக்கரத்தின் மீது சந்தேகப்படலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

என்னென்ன வேண்டும்?

ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டார்ச், கொஞ்சம் கிரீஸ், நல்ல சணல் கயிறு, பழைய துணி. கேபிள் வாங்கும்போது கார் மாடலையும் வருடத்தையும் சொன்னால் மட்டும் போதாது, பழைய கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரே பெயரில் வந்த காரிலேயே நீளமும் முனையின் வடிவமும் மாறியிருக்கும். சென்னைக்காரர்கள் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரிக்கலாம். உற்பத்தி நின்றுபோன கார் என்றால் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. பழைய சாமானாக வாங்கினால், உள்கேபிளை விரலால் சுற்றிப் பார்த்து, தடையில்லாமல் சுழல்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

படிப்படியாக...

1. இன்ஜின் முழுவதும் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மீட்டருக்குப் பின்னால் நிறைய ஒயர்கள் ஓடுகின்றன. ஷார்ட் ஆனால் செலவு பல மடங்கு ஆகிவிடும்.

2. மீட்டர் போர்டைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, மெதுவாக முன்னால் இழுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது எந்த ஒயர் எங்கே என்ற குழப்பமே வராது. கேபிளின் தலைப்பகுதி சில கார்களில் மரைபோட்ட வளையமாக இருக்கும். சிலவற்றில் அழுத்தினால் விடும் பிளாஸ்டிக் கிளிப்பாக இருக்கும். வராவிட்டால் பலமாக இழுக்காதீர்கள். வருடங்கள் ஆன பிளாஸ்டிக் சட்டென்று உடைந்துவிடும்.

3. அடுத்து கியர்பாக்ஸ் முனை. மாருதி 800-ல் கியர்பாக்ஸ் பானெட்டுக்குள்ளேயே இருப்பதால் வேலை சுலபம். அம்பாசடர், பத்மினி போன்றவற்றில் பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது என்பதால் கியர்பாக்ஸ் தரைக்கு அடியில் இருக்கும். வண்டிக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான், தாங்கிப் பிடிக்க அல்ல. கெட்டியான சிமென்ட் தரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, இரும்பு ஸ்டாண்டில் வண்டியை உட்காரவைத்த பிறகே உள்ளே போக வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கூடவே கூடாது. ஸ்டாண்டு இல்லையா? இந்த ஒரு முனையை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கேபிளுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

4. முனையைக் கழற்றும்போது கொஞ்சம் கியர் ஆயில் சொட்டலாம். கீழே ஒரு துணி போட்டுவையுங்கள். அறுந்த துண்டு உள்ளேயே தங்கியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

5. பழைய கேபிளை உருவுவதற்கு முன் அதன் முனையில் சணல் கயிற்றைக் கட்டுங்கள். கேபிள் வெளியே வரும்போது, அது போன வழியிலேயே கயிறு உள்ளே போய் நிற்கும். பிறகு கயிற்றில் புது கேபிளைக் கட்டி இழுத்தால் பழைய பாதையிலேயே அது போய்ச் சேரும். எந்தப் பக்கமாக உருவுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

6. மாட்டுவதற்கு முன், உள்கேபிளில் கிரீஸை விரலால் மெல்லியதாகத் தடவுங்கள். மீட்டர் பக்கமுள்ள சில அங்குலங்களுக்கு மட்டும் வேண்டாம். அங்கே பூசினால் கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் போய், முள்ளையே ஒட்டவைத்துவிடும்.

7. மீட்டரையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். அறுந்த உள்கேபிளின் சதுர முனைத் துண்டு ஒன்றை மீட்டரின் பின்துளையில் விட்டு, விரலால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றி, முள் துள்ளினால் மீட்டர் நலம். இறுக்கமாக இருந்தால் பழைய கேபிள் அறுந்ததற்குக் காரணமே அதுதான். அதைச் சரிசெய்யாமல் புது கேபிளை மாட்டினால் அதுவும் அறுந்துவிடும்.

8. கேபிள் போகும் வழியில் எங்கும் கூர்மையாக மடங்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு அளவுக்கு வளைவு தாராளமாக இருக்கட்டும். சைலன்ஸர் குழாயைத் தொடக் கூடாது; ஸ்டீயரிங் தண்டு, கிளட்ச், பிரேக் பெடல்களின் பக்கம் தொங்கவே கூடாது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுத் துளையில் ரப்பர் வளையத்தை மறக்காமல் பொருத்துங்கள். அது இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு கேபிளை அறுக்கும். மழைத் தண்ணீரும் புகையும் உள்ளே வரும்.

9. சதுர முனையை லேசாகத் திருப்பியபடியே தள்ளினால் 'டக்'கென்று உட்காரும். அதன்பிறகே மரையைக் கையால் இறுக்குங்கள். முனை உட்காராமல் மரையைப் பிளேயரால் முறுக்கினால், முதல் நாளே கேபிள் போய்விடும்.

ஓட்டிப் பாருங்கள்... ஆனால் செல்போனைப் பக்கத்து சீட்டில் கொடுங்கள்!

பேட்டரியை மாட்டி, விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, தெருவில் மெதுவாக ஓட்டுங்கள். முள் நடுங்காமல் ஏறி இறங்கினால் வேலை முடிந்தது. பிறகு கூட்டமில்லாத நேரான சாலையில், பக்கத்தில் இருப்பவர் செல்போனின் ஜி.பி.எஸ். வேகத்தைப் படித்துச் சொல்லட்டும். உங்கள் மீட்டர் அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலான மீட்டர்கள் அப்படித்தான். குறைவாகக் காட்டினால் கவனிக்க வேண்டும். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தாலும் இப்படி ஆகும்.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. மீட்டர் நின்றிருந்த நாள்களில் வண்டி தோராயமாக எவ்வளவு ஓடியிருக்கும்? பெட்ரோல் செலவை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். அந்தத் தூரத்தையும் கேபிள் மாற்றிய தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். அடுத்த பெல்ட், அடுத்த ஆயில் எப்போது என்று தெரியும். நாளைக்கு வண்டியை விற்கும்போது, வாங்குபவரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். மீட்டர் காட்டாத கிலோமீட்டரையும் அவர் தெரிந்துகொள்ளட்டும்!